நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு சொந்த முகவரி

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அட்டை கிழிந்து, மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்குமாகச் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் எங்கேயாவது செருகியிருக்கும். மாமியார் சொன்ன புளிக்காய்ச்சல், அடுத்த வீட்டு மாமி சொன்ன ரவா லாடு, குழந்தைக்குச் சளி பிடித்தபோது டாக்டர் சொன்னது, தீபாவளி லேகியத்துக்கு நாட்டு மருந்துக் கடை லிஸ்ட் எல்லாம் அதில்தான். எழுத்து மட்டும் எழுதினவருக்கே புரியாது!

என் அம்மாவின் நோட்டும் அந்த ரகம்தான். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, போட்டோவும் எடுத்து, இலவசமாக இடம் தரும் ஒரு கம்பெனியின் தளத்தில் நாலு வருஷம் போட்டு வந்தேன். கைபேசியிலேயே எல்லாம் முடிந்துவிடும், சௌகரியமாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டே திறந்தால், உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று இரண்டு வரி. காரணம் கேட்டு எழுதினேன். ஒரு மெஷின் பதில் எழுதியது. மறுபடி எழுதினேன். அதே மெஷின், அதே பதில்! நூற்றுச் சொச்சம் குறிப்புகள் போனது போனதுதான். நோட்டு இருந்ததால் பாதி பிழைத்தது. ஆனால் நோட்டில் இல்லாத சிலவற்றை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நேரே தட்டினேனே, அவை?

என் அண்ணன் மகளுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டர் படிப்பு படித்தவள்.

"அத்தே, அது உங்க வீடே இல்லையே! வேற ஒருத்தர் வீட்டுத் திண்ணைல உக்காந்து எழுதியிருக்கீங்க. அவங்க கதவைச் சாத்தினா என்ன பண்ண முடியும்?" என்றாள்.

அவள் சொன்னது எனக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. 1994-ல் ஆரம்பித்த ஜியோசிட்டீஸ் என்ற இடத்தில் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கங்களை வைத்திருந்தார்கள். 1999-ல் அதை யாஹூ வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு முதல் இணைய சிநேகிதமே ஆர்க்குட்டில்தான் கிடைத்தது. 2004-ல் வந்த அதை 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடினார்கள். அங்கே எழுதியதெல்லாம் எங்கே? எடுத்து வைத்துக்கொண்டவர்களிடம் மட்டும் இருக்கிறது.

"சரி, சொந்த வீடு கட்ட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். "பணமா? ஒண்ணும் ஆகாது. ஒரு ஞாயித்துக்கிழமை ஆகும்" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முறுக்கு அச்சு

'ஸ்டாடிக் சைட் ஜெனரேட்டர்' என்று அவள் சொன்னபோது எனக்கு வீட்டு ஜெனரேட்டர்தான் ஞாபகம் வந்தது. விஷயம் அவ்வளவு பயங்கரம் இல்லை. இப்படிப் பாருங்கள்.

பெரும்பாலான இணைய தளங்கள் டிபன் ஹோட்டல் மாதிரி. நீங்கள் போய் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த பிறகுதான் உள்ளே தோசைக்கல்லில் மாவு ஊற்றுவார்கள். ஒவ்வொரு முறை ஒருவர் வந்து பார்க்கும்போதும் உள்ளே ஒரு புரோகிராம் ஓடி, தகவல் கிடங்கிலிருந்து எடுத்து, பக்கத்தைத் தயார் செய்து பரிமாறும். கூட்டம் கூடினால் தாமதம். சமையற்கட்டு ஒன்று எப்போதும் திறந்திருப்பதால் திருடன் நுழையவும் வழி உண்டு.

ஸ்டாடிக் தளம் நாம் வீட்டில் செய்யும் முறுக்கு. நாம் எழுதியது மாவு. பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்ற அமைப்பு அச்சு. புரோகிராம் என்பது அந்த நாழி. ஒரே அமுக்கு, எல்லாப் பக்கங்களும் பிழிந்து, பொரித்து, தட்டில் தயார். அதை டின்னில் போட்டு இணையத்தில் வைத்துவிட்டால், வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அங்கே அடுப்பு இல்லை, சமையல்காரர் இல்லை. ஆகவே பக்கம் சட்டென்று திறக்கும். பழைய கைபேசியிலும், சிக்னல் சரியில்லாத ஊரிலும் திறக்கும். அச்சுத் தட்டை மாற்றினால் அதே மாவு தேன்குழல் ஆகும், முள்ளு முறுக்கு ஆகும். எழுதினதைத் தொடவே வேண்டாம்.

இந்த நாழிகளில் பல கம்பெனி உண்டு. 2008-ல் டாம் ப்ரெஸ்டன்-வெர்னர் என்ற அமெரிக்கர் எழுதிய 'ஜெகில்' இந்த முறையைப் பரவலாக்கியது. 2013-ல் ஸ்டீவ் ஃப்ரான்சியா தொடங்கியது 'ஹ்யூகோ'. 'இலெவன்டி' என்று இன்னொன்றும் பேர் வாங்கியிருக்கிறது. மூன்றும் இலவசம். என் மருமகள் எனக்கு ஹ்யூகோவைத்தான் சிபாரிசு செய்தாள். மற்றவற்றுக்கு ரூபி, நோட் என்று முதலில் வேறு சாமான்களை வாங்கி அடுக்க வேண்டும். ஹ்யூகோ ஒரே ஒரு கோப்பு, அதை இறக்கி வைத்தால் போதும் என்பது காரணம். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண் இமைக்கும் நேரத்தில் பிழிந்துவிடுகிறது. நானே பார்த்தேன்.

வேண்டிய சாமான்கள்

ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பிள்ளைகள் படித்து முடித்து ஒதுக்கிப் போட்ட பழைய லாப்டாப் தாராளம். கைபேசியில் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணும் கழுத்தும் போய்விடும்.

தமிழில் தட்டத் தெரிய வேண்டும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகை இருக்கிறது. இரண்டு வாரம் பழகினால் விரல் தானாகப் போகும். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் ஒலிக்கு ஏற்ப அடிக்கும் முறையும் உண்டு. எது வந்தாலும் சரி, எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு சிநேகிதி தன் மாமனாரின் வைத்தியக் குறிப்புகளை முன்பு ஜெராக்ஸ் கடையில் 'பாமினி' எழுத்துருவில் அடித்து வைத்திருந்தாள். அதை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்தும் முற்றுப்புள்ளியும் கலந்த உளறல்தான் வருகிறது. அதை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் உண்டு. மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

பிறகு, ஹ்யூகோ. அதை இறக்கும்போது 'எக்ஸ்டெண்டட்' என்று போட்டிருக்கும் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சில அலங்காரங்கள் அதில்தான் வேலை செய்யும்.

கறுப்பு ஜன்னல்

இதுதான் எல்லோரும் பயப்படும் இடம். கம்ப்யூட்டரில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்து, அதில் கட்டளையை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். எனக்கும் கை நடுங்கியது, ஏதாவது வெடித்துவிடும் என்று! ஒன்றும் வெடிக்கவில்லை. தப்பாக அடித்தால் தப்பு என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

நிஜமாக வேண்டிய கட்டளைகள் நாலுதான். முதலாவது 'ஹ்யூகோ நியூ சைட்', பக்கத்தில் நீங்கள் வைக்கும் பெயர். என்டரைத் தட்டியதும் அந்தப் பெயரில் ஒரு பெட்டி உண்டாகி, உள்ளே பல அறைகள் இருக்கும். அவற்றில் மூன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'கன்டென்ட்' என்பது நாம் எழுதுவதை வைக்கும் அறை. 'ஸ்டாடிக்' படங்கள் வைக்க. 'தீம்ஸ்' அச்சுத் தட்டுகள் வைக்க. வெளியே 'ஹ்யூகோ டாம்ல்' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். தளத்தின் பெயர், முகவரி, எந்த அச்சு என்பதெல்லாம் அதில் எழுத வேண்டும். வாசலில் மாட்டும் பெயர்ப் பலகை மாதிரி.

அச்சுக்கள் நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கேதான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கோட்டை விட்டேன். புடவைக் கடையில் நிற்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்! 'பேப்பர்மாட்' என்பதைக் கடைசியில் எடுத்தேன். அலட்டல் இல்லாதது, எழுத்து தெளிவாகத் தெரிகிறது. முதலில் எழுதுங்கள், அச்சைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது கட்டளை 'ஹ்யூகோ நியூ கன்டென்ட்', பக்கத்தில் கோப்பின் பெயர். புதுப் பக்கம் ஒன்று உண்டாகும். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் தப்பில்லை, தளம் ஓடும். ஆனால் அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பும்போது, 'அம்மா' என்ற மூன்றெழுத்து, சதவீதக் குறியும் எண்ணுமாக 45 எழுத்துக்களாக நீண்டுவிடும். வாங்குகிறவர் ஏதோ வைரஸ் என்று பயந்து திறக்கவே மாட்டார்!

அந்தக் கோப்பைத் திறந்தால் உச்சியில் இரண்டு கோட்டுக்கு நடுவே தலைப்பு, தேதி என்று சில வரிகள் இருக்கும். அதற்குக் கீழே நம் இஷ்டம். எழுதும் முறைக்கு 'மார்க்டவுன்' என்று பெயர். 2004-ல் ஜான் க்ரூபர் வெளியிட்டது. கற்றுக்கொள்ள அரை மணி போதும். உபதலைப்புக்கு வரியின் முன்னால் ## என்று போட்டு ஓர் இடம் விட வேண்டும். சாமான் லிஸ்டுக்கு ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னக் கோடு. அழுத்திச் சொல்ல வேண்டிய வார்த்தைக்கு இரு பக்கமும்  இரண்டிரண்டு நட்சத்திரம். பாரா பிரிக்க ஒரு வரி காலி விட வேண்டும். என்ன தெரியுமோ? இது சாதாரண எழுத்துக் கோப்பு. இன்னும் இருபது வருஷம் கழித்து ஹ்யூகோவே இல்லாமல் போனாலும், எந்தக் கம்ப்யூட்டரிலும் இதைத் திறந்து படிக்கலாம். நான் நாலு வருஷம் எழுதியதைத் தொலைத்தவள். எனக்கு இந்த ஒரு விஷயம் போதுமாக இருந்தது.

மூன்றாவது, 'ஹ்யூகோ சர்வர்'. இதை அடித்துவிட்டு, கம்ப்யூட்டரின் பிரவுஸரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து 1313 என்று அடித்தால், உங்கள் தளம் உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும். இணையத்துக்கு இன்னும் போகவில்லை. கோப்பில் ஒரு வார்த்தையை மாற்றிச் சேமித்தால் அடுத்த வினாடி பக்கத்திலும் மாறிவிடுகிறது. முதல் முறை பார்த்தபோது எனக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம்! என்னவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுல எங்க சாப்பாடு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கிடக்கிறார்.

நாலாவது, வெறும் 'ஹ்யூகோ'. பிழிவது இதுதான். 'பப்ளிக்' என்று ஓர் அறை உண்டாகி, தயாரான பக்கங்கள் அதில் அடுக்கியிருக்கும்.

காலி வீடு

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பதினோரு குறிப்புகள் எழுதி, இணையத்திலும் ஏற்றிவிட்டு, ஊரெல்லாம் முகவரி அனுப்பினேன். எல்லோரும் ஒரே பதில்: "ஒண்ணுமே இல்லையே!" என் கம்ப்யூட்டரில் பதினொன்றும் ஜம்மென்று தெரிகின்றன. இணையத்தில் பெயர்ப் பலகை மட்டும் தொங்குகிறது.

ஹ்யூகோ புதுப் பக்கம் உண்டாக்கும்போது, தலைப்பு வரிகளோடு 'டிராஃப்ட்' என்று ஒரு வரியையும் போட்டு, அதில் 'ட்ரூ' என்று எழுதி வைக்கிறது. அரைகுறையாக எழுதியது தவறி வெளியே போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணம். அதை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால்தான் பக்கம் வெளியே போகும். நானோ, வீட்டில் பார்க்கும்போது டிராஃப்டையும் காட்டு என்று சொல்லும் கட்டளையை, மருமகள் எழுதிக் கொடுத்தபடி அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரியவில்லை.

அதைச் சரி செய்தும் ஒரு குறிப்பு வரவில்லை. அது தேதிக் கோளாறு. தேதியையும் மணியையும் கையால் எழுதும்போது எந்த நாட்டு மணி என்று சொல்லாவிட்டால், ஹ்யூகோ அதை லண்டன் கிரீன்விச் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 9 மணி என்று நான் எழுதியது, அதன் கணக்கில் நம் மத்தியானம் இரண்டரை. இன்னும் வராத நேரத்துப் பக்கத்தை அது வெளியிடாது. இரண்டரை ஆனதும் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். மறுபடி பிழிந்தால்தான் வரும். அமைப்புக் கோப்பில் நேர மண்டலம் 'ஆசியா/கொல்கத்தா' என்று ஒரு வரி சேர்த்தபின் அந்தத் தொல்லை இல்லை.

எங்கே வைப்பது?

கிட்ஹப் என்ற இடத்தில் இலவசமாக வைக்கலாம். 'கிட்ஹப் பேஜஸ்' என்று அதற்குப் பெயர். ஒரு தளம் 1 ஜி.பி. வரை இருக்கலாம், மாதத்துக்கு 100 ஜி.பி. வரை வாசகர்கள் இறக்கிப் பார்க்கலாம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நம் சமையல் குறிப்புக்கு இது கடல். போட்டோவை மட்டும் கைபேசியில் எடுத்தபடியே நாலு எம்.பி., ஐந்து எம்.பி. என்று ஏற்றாமல் சின்னதாக்கிப் போடுங்கள். படம் கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டப்படும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வரி விவரமும் சேர்க்கலாம். மார்க்டவுனில் அதற்கு இடம் இருக்கிறது.

'கிட்ஹப் டெஸ்க்டாப்' என்ற புரோகிராமைப் போட்டுக்கொண்டால் இங்கே கறுப்பு ஜன்னல் வேண்டாம். இரண்டு பொத்தான்கள். 'கமிட்' என்றால் இன்றைய மாற்றங்களைக் குறித்துக்கொள் என்று அர்த்தம். 'புஷ்' என்றால் கொண்டுபோய் வை. ஹ்யூகோ தளத்துக்கென்றே கிட்ஹப்பில் தயாராக ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை ஒரு தடவை தேர்ந்தெடுத்துவிட்டால், புஷ் செய்ததும் பிழிகிற வேலையையும் அதுவே செய்துவிடும். முதல் தடவை மட்டும் தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

கிட்ஹப்பின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் முகவரி இலவசம். உங்கள் சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமானால் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். முதல் வருஷத்து விலையைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டாவது வருஷம் என்ன கேட்பார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கட்ட மறந்தால் முகவரி வேறு யார் கைக்காவது போய்விடும். கேஸ் புக்கிங் மாதிரி காலண்டரில் குறித்து வைக்க வேண்டிய சமாசாரம்.

இரட்டைப் பூட்டும் உண்டு. 2023-லிருந்து கிட்ஹப் படிப்படியாக அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாஸ்வேர்டு போக, கைபேசியில் வரும் எண்ணையும் போட வேண்டும். கைபேசி தொலைந்தால் திறப்பதற்கென்று சில மாற்றுச் சாவி எண்கள் தருவார்கள். அதை ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே கைபேசியில் போட்டோ எடுத்து வைக்காதீர்கள்!

நாளைக்குக் கிட்ஹப்பும் கதவைச் சாத்தினால்? நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். சாத்தலாம். ஆனால் இந்தத் தடவை பாத்திரம் பண்டம் எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை என்று வேறு இடத்துக்குப் போய்விடலாம். சொந்த முகவரி இருந்தால் வாசகர்களுக்கு வீடு மாறியதே தெரியாது.

அழித்தாலும் அழியாதது

இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போக வேண்டாம்.

பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவன்று அவள் யூனிபாரத்தோடு, கையில் நான் செய்த தட்டையுடன் நிற்கும் போட்டோவைத் தட்டைக் குறிப்போடு போட்டிருந்தேன். அழகான படம். இரண்டு நாள் கழித்து என் மகள் பார்த்துவிட்டு, "அம்மா, ஸ்கூல் பேர் நல்லாத் தெரியுது, குழந்தை முகமும் தெரியுது, முதல்ல எடு" என்று பதறினாள். உடனே எடுத்துவிட்டேன். பக்கத்தில் படம் இல்லை. விஷயம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

மருமகளிடம் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் அவள் கேட்டாள்: "அத்தே, கிட்ல பழசு எல்லாம் இருக்குமே, அதைப் பார்த்தீங்களா?"

இந்தக் 'கிட்' என்பது தினசரி மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஒரு பேரேடு. போன மாதம் என்ன இருந்தது, நேற்று எதை அழித்தாய் என்று எல்லாவற்றையும் வைத்திருக்கும். இலவசக் கணக்கில் கிட்ஹப் பேஜஸ் நடத்த வேண்டுமானால் அந்தப் பேரேட்டை ஊருக்குத் திறந்துதான் வைக்க வேண்டும். பக்கத்திலிருந்து நான் எடுத்த படம், பழைய ஏட்டில் அப்படியே, யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி உட்கார்ந்திருக்கிறது! எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்று ராத்திரியே அந்தப் பேரேட்டை மொத்தமாக அழித்துவிட்டு, படம் இல்லாத பெட்டியிலிருந்து புதுக்கணக்கு ஆரம்பித்தோம். நடுவில் யாராவது எடுத்து வைத்திருந்தால் அதற்குப் பரிகாரம் கிடையாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்: குழந்தைகளின் முகம், பள்ளி, பிறந்த தேதி, வீட்டு வாசல், எதுவும் கிடையாது. பாஸ்வேர்டு எழுதிய காகிதம் மேஜையில் கிடக்கும்போது பக்கத்திலிருக்கும் பாயசத்தைப் படம் எடுப்பது கிடையாது. (சிரிக்காதீர்கள், எடுத்திருக்கிறேன்.) கைபேசியில் காமிராவின் அமைப்புக்குப் போய், இடத்தைக் குறிக்கும் வசதியையும் நிறுத்திவிட்டேன். இல்லாவிட்டால் எந்தத் தெருவில் எடுத்த படம் என்பது படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்.

அம்மா சொன்ன தேன்

இன்னொரு சங்கடம், இதற்கு ஹ்யூகோவைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அம்மாவின் நோட்டில் பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சமையலுக்கு ஏழெட்டுப் பக்கம் இருக்கிறது. அங்காயப் பொடி, பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம் எல்லாம் ரொம்ப நேர்த்தியாக எழுதியிருக்கிறாள். அதன் நடுவில், பிறந்த குழந்தை நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தடவவும் என்று ஒரு வரி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தடவினதுதான். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பது டாக்டர்கள் திட்டவட்டமாகச் சொல்வது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து விஷம் உண்டாக்கி, தசைகளைச் செயலற்றுப் போகச் செய்யலாம். மூச்சுக்கே ஆபத்து வரலாம். பெரியவர்கள் குடல் அதைத் தாங்கும், குழந்தையின் குடல் தாங்காது. காய்ச்சினாலும் அந்த விதைகள் சாகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சிபாரிசு.

பத்திரிகைக்கு எழுதினால் ஆசிரியர் என்று ஒருவர் பார்ப்பார், டாக்டரைக் கேட்பார். சொந்தத் தளத்தில் நான்தான் ஆசிரியர், நான்தான் ப்ரூப் பார்ப்பவள். ராத்திரி பத்து மணிக்கு, வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாத ஒரு பச்சை உடம்புக்காரி என் பக்கத்தைப் படித்துவிட்டுத் தேன் பாட்டிலைத் திறந்தால்? அந்த வரியை எடுத்துவிடு என்றாள் மகள். அம்மா எழுதியதை அடிப்பதா என்று எனக்கு மனசு வரவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் குறிப்பின் உச்சியில், சாமான் லிஸ்டுக்கும் மேலே, கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வைத்தேன். கீழே, அந்தக் காலத்தில் இப்படிச் செய்தார்கள், இப்போது செய்யக் கூடாது, காரணம் இது என்று எழுதினேன். லேகியத்துக்கும், தாய்ப்பால் கொடுப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடவும் என்று ஒரு வரி. குறிப்புகளின் நேர்த்தி கொஞ்சம் கெட்டது. கெடட்டும்.

பேரேட்டின் நல்ல முகமும் இதில் தெரிந்தது. எந்தத் தேதியில் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று கமிட் செய்யும்போது ஒரு வரி எழுதி வைத்தால் அது நிலைத்து நிற்கிறது. எது அம்மா சொன்னது, எது நான் சேர்த்தது என்று என் மகள் பிறகு சந்தேகப்பட வேண்டாம்.

மாதத்துக்கு ஒரு தரம் மொத்தப் பெட்டியையும் பென் டிரைவில் நகல் எடுத்து, அண்ணன் வீட்டில் ஒன்று, இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். நாற்பது குறிப்புகள் ஆகியிருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு, பகல் தூக்கத்தை விட்டுவிட்டு எழுதுவதுதான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கைபேசியில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி, அங்காயப் பொடிப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"மிளகு ஒரு கைப்பிடின்னு போட்டிருக்கியேடி! நான் அரைக் கைப்பிடின்னா எழுதியிருக்கேன்? பிள்ளை பெத்தவ வயிறு என்னத்துக்கு ஆகும்?"

நோட்டை எடுத்துப் பார்த்தோம். அரைதான், எண்ணெய்க் கறை மறைத்திருந்தது. அன்று மத்தியானமே அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் திருத்திப் புஷ் செய்துவிட்டேன்.